ஐ.பி. முகவரியும் அது வழங்கப்படும் முறையும்

சித்தூரிலுள்ள ஒரு பள்ளியிலிருந்து திருப்பதிக்குக் கடிதம் ஒன்று அனுப்பப்படுகின்றது என்று கொள்வோம். உறையின்மேல் பெறுபவரின் பெயரும், தெருவும், ஊரும், 517501 என்னும் அஞ்சல் குறியீட்டு எண்ணும் எழுதப்படுகின்றன. மறுமொழி வரவேண்டுமாயின், அனுப்புபவரின் முகவரியும் அதில் இருத்தல் வேண்டும். அதே பள்ளியின் கணிப்பொறி திருப்பதியிலுள்ள ஓர் அலுவலகத்திற்கு அறிக்கை அனுப்பும்பொழுதும் இதே தேவை எழுகின்றது. அறிக்கை சிறு சிறு பொட்டலங்களாகப் பிரிக்கப்படுகின்றது. ஒவ்வொரு பொட்டலத்தின் தலைப்பிலும் அனுப்பும் கருவியின் எண்ணும் பெறும் கருவியின் எண்ணும் பொறிக்கப்படுகின்றன. இவ்வெண்ணே ஐ.பி. முகவரி எனப்படுவது.

இவ்வளவும் பலர் அறிந்ததே. ஆயினும் கடித முகவரிக்கும் ஐ.பி. முகவரிக்கும் இடையே முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. வீட்டின் முகவரி வீட்டுடன் நிலைத்து நிற்பது. ஐ.பி. முகவரியோ பெரும்பாலும் இரவலாகப் பெறப்படுவது. இன்று ஒரு கருவியிடமும் நாளை வேறொரு கருவியிடமும் இருக்கக்கூடியது. ஒரே எண்ணைப் பல வீட்டினர் ஒரே வேளையில் பகிர்ந்துகொள்வதும் உண்டு. இவ்வேறுபாட்டை உணராமையால் பள்ளிகளிலும் கிளை அலுவலகங்களிலும் கருவிகள் வேலை செய்யாமல் நின்றுவிடுகின்றன. சில சமயங்களில் குற்றமற்றவர்மீது பழி விழுவதற்கும் இதுவே காரணமாகின்றது. ஆகவே, இவ்வெண் எவ்வாறு அமைந்துள்ளது, யாரால் வழங்கப்படுகின்றது, எவ்வளவு காலம் செல்லுபடியாகும் என்பவற்றைக் களப் பணியாளரும் ஆசிரியரும் அறிந்திருத்தல் நலம்.

எண்ணின் அமைப்பு

இன்றும் பரவலாக வழங்கும் நான்காம் பதிப்பு ஐ.பி. முறை 1981-ஆம் ஆண்டு செப்டம்பரில் வரையறுக்கப்பட்டது. இதன்படி முகவரி என்பது 32 இருமை இலக்கங்களைக் கொண்ட ஓர் எண் ஆகும். மனிதர் படிப்பதற்கு எளிதாகும் பொருட்டு, அது நான்கு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, இடையே புள்ளியிட்டு எழுதப்படுகின்றது. 192.168.1.25 என்பது ஓர் உதாரணம். ஒவ்வொரு பகுதியும் 0 முதல் 255 வரை இருக்கலாம். இம்முறையில் அமையக்கூடிய எண்களின் மொத்தத் தொகை 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296 ஆகும்.

இந்த எண்ணின் முற்பகுதி வலையமைப்பையும், பிற்பகுதி அவ்வலையமைப்பினுள் இருக்கும் கருவியையும் குறிக்கின்றன. அஞ்சல் குறியீட்டு எண்ணை அறிந்தோர்க்கு இது புதிதன்று. 1972-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் அந்த எண்முறை நம் நாட்டில் புகுத்தப்பட்டது. சித்தூரின் எண் 517001. திருமலையின் எண் 517504. குப்பத்தின் எண் 517425. மூன்றும் 517 என்றே தொடங்குகின்றன. டில்லியில் கடிதங்களைப் பிரிப்பவர் இவ்வூர்கள் ஒவ்வொன்றையும் அறிந்திருக்க வேண்டுவதில்லை. முதல் இலக்கமாகிய 5-ஐக் கண்டதும் கடிதத்தைத் தெற்கு நோக்கி அனுப்புகின்றார். முதல் மூன்று இலக்கங்கள் கடிதத்தை உரிய பகுதிக்குக் கொண்டு சேர்க்கின்றன. இறுதி மூன்று இலக்கங்கள் அங்குதான் பார்க்கப்படுகின்றன. இணையத்தின் வழியில் நிற்கும் ரூட்டர் என்னும் வழிப்படுத்துங் கருவிகளும் இவ்வாறே முற்பகுதியை மட்டும் பார்த்துப் பொட்டலத்தை அடுத்த நிலையத்திற்குத் தள்ளிவிடுகின்றன.

முற்பகுதி எதுவரை என்பதைக் காட்டுவதற்கு மற்றோர் எண் துணையாக வழங்குகின்றது. அது வலை மறைப்பு எண் எனப்படும். 255.255.255.0 என்பது மறைப்பு எண்ணாயின், முதல் மூன்று பகுதிகள் தெருவின் பெயரைப் போலவும், இறுதிப் பகுதி கதவு எண்ணைப் போலவும் கொள்ளத் தக்கவை. இறுதிப் பகுதியில் 0 வலையமைப்பையே குறிப்பதற்கும், 255 எல்லாக் கருவிகளையும் ஒருங்கே அழைப்பதற்கும் ஒதுக்கப்பட்டுள்ளன. எஞ்சிய 254 எண்களே கருவிகளுக்கு உரியவை.

இங்கு ஒரு செய்தி கவனிக்கத் தக்கது. 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் 4-ஆம் நாள் சித்தூர் மாவட்டம் பிரிக்கப்பட்டுத் திருப்பதி தனி மாவட்டத்தின் தலைநகராயிற்று. அதற்கு முன்னர் நெல்லூர் மாவட்டத்தில் இருந்த சூலூர்பேட்டையும் புதிய மாவட்டத்தில் சேர்ந்தது. ஆனால் திருப்பதி 517501 ஆகவும் சூலூர்பேட்டை 524121 ஆகவும் முன்போலவே உள்ளன. தபால் செல்லும் பாதை வேறு, ஆட்சி எல்லை வேறு என்பதே இதன் காரணம். ஐ.பி. முகவரியும் பாதையைப் பின்பற்றுவதேயன்றி ஊரைப் பின்பற்றுவதன்று. ஒரே தெருவிலுள்ள இரு வீடுகள் வெவ்வேறு நிறுவனங்களிடம் இணைப்புப் பெற்றிருப்பின், அவற்றின் எண்களிடையே எவ்வித ஒற்றுமையும் இராது. சித்தூரில் உள்ள ஒருவரின் கைபேசி சென்னையிலோ ஹைதராபாத்திலோ இருப்பதாகச் சில இணையத் தளங்கள் காட்டுவதும் இதனாலேயே. அந்த எண்ணை வழங்கும் நுழைவாயில் அந்நகரில் அமைந்திருக்கலாம். அவர் பாகாலா வழியாக ரயிலில் திருப்பதி சென்று சேரும்வரை கோபுரங்கள் பல மாறினும், எண் மாறாதிருப்பதும் இயல்பே.

எண்களை வழங்குவோர்

ஒரே எண் இருவருக்கு வழங்கப்பட்டுவிடாமல் காப்பதற்கு ஓர் ஒழுங்குமுறை வேண்டும். உலகத்திற்கான மொத்த எண் தொகுதி ஐயானா என்னும் அமைப்பின் பொறுப்பில் உள்ளது. அதனிடமிருந்து ஐந்து பிராந்தியப் பதிவகங்கள் பெரும் பகுதிகளைப் பெறுகின்றன. ஆசிய, பசிபிக் பிராந்தியத்திற்கு உரியது ஏப்னிக். அதன் தலைமையகம் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் உள்ளது. இந்தியாவில் நிக்சி என்னும் ஸ்தாபனத்தின் கீழ், 2012-ஆம் ஆண்டு முதல், ஐரின் என்னும் தேசியப் பதிவகம் இயங்கிவருகின்றது. இணைய சேவை நிறுவனங்களும் பெரிய கல்வி நிலையங்களும் இப்பதிவகங்களிடம் எண் தொகுதிகளைப் பெறுகின்றன. பள்ளிகளும் வீடுகளும் தத்தம் சேவை நிறுவனத்திடமிருந்து எண்ணைப் பெறுகின்றன.

இவ்வாறு வழங்கப்பட்டுவந்த எண்கள் தீர்ந்துபோகும் காலமும் வந்தது. 2011-ஆம் ஆண்டு பிப்ரவரி 3-ஆம் நாள், கையிருப்பிலிருந்த கடைசி ஐந்து பெருந்தொகுதிகளை ஐயானா பிராந்தியத்திற்கு ஒன்றாகப் பகிர்ந்தளித்தது. அதே ஆண்டு ஏப்ரல் 15-ஆம் நாள் ஏப்னிக் தன் இறுதித் தொகுதிக்கு வந்துவிட்டது. அதன்பின் புதிதாக வருவோர்க்குச் சிறு அளவிலேயே எண்கள் பங்கிடப்படுகின்றன. மக்கள் தொகையும் கைபேசிகளும் மிகுந்த நம் நாட்டில் இப்பற்றாக்குறை பெரிதும் உணரப்பட்டது. எண்ணை இரவல் தருவதும், ஓர் எண்ணைப் பலர் பகிர்ந்துகொள்வதும் இன்றியமையாதன ஆயின.

இரவல் முறை

திருமலைக்கு வரும் யாத்திரிகர்களுக்கு மத்திய வரவேற்பு அலுவலகத்தில் அறைகள் ஒதுக்கப்படுகின்றன. அறையின் எண் நிலையானது. அதில் தங்குவோர் நிலையானவர் அல்லர். குறித்த காலம் முடிந்ததும் அறை காலி செய்யப்பட்டு, அடுத்துக் காத்திருக்கும் குடும்பத்திற்குக் கொடுக்கப்படுகின்றது. அறைகளைவிட யாத்திரிகர் பன்மடங்கு மிகுதியாயினும், எல்லோரும் ஒரே நாளில் தங்குவதில்லையாதலால் இம்முறை இயலுவதாகின்றது.

கணிப்பொறி வலையமைப்பில் இவ்வேலையைச் செய்வது டி.எச்.சி.பி. என்னும் நெறிமுறை ஆகும். 1993-ஆம் ஆண்டு இது முதன்முதலில் வரையறுக்கப்பட்டது. சிறிய பள்ளியில் ரூட்டரே வரவேற்பு அலுவலகமாகவும் விளங்குகின்றது. கருவி ஒன்று இயக்கப்பட்டவுடன் நான்கு செயல்கள் நிகழ்கின்றன.

முதலாவது, எண் வழங்குவோர் எவரேனும் உளரா என்று கருவி வலையமைப்பு முழுவதும் கேட்கும்படி வினவுகின்றது. அதற்கு இன்னும் முகவரி கிடையாது, ஆதலின் 0.0.0.0 என்பதைத் தன் முகவரியாகவும், 255.255.255.255 என்னும் பொது அழைப்பு எண்ணைப் பெறுவோரின் முகவரியாகவும் கொள்கின்றது. இரண்டாவது, எண் வழங்கும் கருவி தன்னிடம் காலியாக உள்ள ஓர் எண்ணைத் தருவதாகக் கூறுகின்றது. மூன்றாவது, அவ்வெண்ணையே தனக்கு ஒதுக்குமாறு புதிய கருவி முறைப்படி வேண்டுகின்றது. நான்காவது, வழங்குவது ஒப்புதல் தந்து, எண்ணையும் தவணையையும் பதிவு செய்துகொள்கின்றது. இவை நான்கும் சாதாரணமாகச் சில விநாடிகளுக்குள் முடிந்துவிடும். முகவரியுடன் வலை மறைப்பு எண், வெளியே செல்வதற்கான வாயிலின் எண், தளப் பெயர்களை எண்களாக மாற்றித் தரும் சர்வரின் எண் ஆகியனவும் கருவிக்குத் தெரிவிக்கப்படுகின்றன.

முகவரியில்லாத கருவியை வரவேற்பு அலுவலகம் எவ்வாறு இனங்கண்டுகொள்ளுகின்றது என்னும் வினா எழலாம். ஒவ்வொரு கருவியின் இணைப்பு உறுப்பிலும் 48 இருமை இலக்கங்கள் கொண்ட மேக் எண் ஒன்று தொழிற்சாலையிலேயே பதிக்கப்பட்டிருக்கும். பதிவேட்டில் அவ்வெண்ணுக்கு எதிரே ஐ.பி. முகவரி எழுதப்படும். ஆயினும் அண்மைக் காலத்துக் கைபேசிகள், அந்தரங்கத்தைக் காக்கும் பொருட்டு, ஒவ்வொரு வைஃபை இணைப்பிலும் கற்பனையான மேக் எண் ஒன்றைக் காட்டுகின்றன. எனவே இதனையும் மாறாத அடையாளம் எனக் கொள்ளுதல் தவறாகும்.

தவணை 24 மணி நேரம் என்று கொள்வோம். பாதிக் காலம், அதாவது 12 மணி நேரம் கழிந்ததும், தவணையைப் புதுப்பிக்குமாறு கருவி தானே வேண்டுகின்றது. மறுமொழி கிட்டாவிடின் 21-ஆம் மணியளவில் வலையமைப்பு முழுவதும் கேட்கும்படி மீண்டும் வேண்டுகின்றது. அப்போதும் பயனில்லையாயின், தவணை முடிந்ததும் எண்ணை விட்டுவிடுகின்றது. மாறாக, கருவியை எடுத்துக்கொண்டு ஒருவர் ஊருக்குப் போய்விட்டாலும், தவணை முடியும்வரை அவ்வெண் பெரும்பாலும் அவர் பெயரிலேயே பூட்டிக் கிடக்கும். 300 பேர் கூடும் பயிற்சி முகாமில், 254 எண்களே உள்ள வலையமைப்பில், நெடிய தவணை வைக்கப்பட்டிருப்பின், பிற்பகல் வருவோர்க்கு எண் கிட்டாமற் போவது இதனால்தான். முகாம் நாட்களில் தவணையை ஓரிரு மணி நேரமாகக் குறைத்து வைத்தல் தக்க பரிகாரமாகும். எல்லோரும் ஒரே வேளையில் இணைவதாயின், எண் தொகுதியையே விரிவாக்குதல் வேண்டும்.

உள் எண்ணும் வெளி எண்ணும்

சித்தூர்ப் பள்ளியின் கணிப்பொறியும் திருப்பதி வீடொன்றின் கணிப்பொறியும் 192.168.1.25 என்னும் ஒரே எண்ணைக் காட்டக்கூடும். இதில் பிழையில்லை. 1996-ஆம் ஆண்டு பிப்ரவரியில் வெளியான வரையறையின்படி, 10 என்று தொடங்கும் எண்களும், 172.16 முதல் 172.31 வரையுள்ளவையும், 192.168 என்று தொடங்குபவையும் தனியார் உபயோகத்திற்கென விடப்பட்டுள்ளன. அவை கட்டடத்திற்குள் மட்டுமே செல்லும். “முதல் மாடி, மூன்றாம் அறை” என்பது ஒவ்வொரு விடுதியிலும் இருப்பதைப் போன்றதே இதுவும்.

கட்டடத்தின் உள்ளிருந்து பொட்டலம் வெளியே செல்லும்பொழுது, ரூட்டர் அதன்மேலுள்ள உள் எண்ணை நீக்கி, சேவை நிறுவனம் தந்த வெளி எண்ணை எழுதுகின்றது. மறுமொழி வரும்பொழுது எக்கருவிக்கு உரியது என்று அறிவதற்காக, போர்ட் எனப்படும் வாயில் எண் ஒன்றையும் குறித்துவைத்துக்கொள்ளுகின்றது. பள்ளியில் 40 கணிப்பொறிகள் இருப்பினும் வெளியுலகிற்கு அவை ஓர் எண்ணாகவே தோன்றும்.

எண் பற்றாக்குறை காரணமாக, சேவை நிறுவனங்களும் இதே முறையைப் பெரிய அளவில் கையாளுகின்றன. வாடிக்கையாளர் பலருக்கு ஒரே வெளி எண் பகிர்ந்தளிக்கப்படுகின்றது. இதற்கெனவே 100.64 முதல் 100.127 வரையுள்ள எண்கள் 2012-ஆம் ஆண்டு ஒதுக்கப்பட்டன. வாயில் எண்கள் 65,536 வரை உண்டாதலால், ஒரு வெளி எண்ணின் பின்னால் நூற்றுக்கணக்கானோர் இருத்தல் கூடும்.

எண்ணைக் கொண்டு ஆளை அறியலாமா?

இக்கேள்வி வெறும் ஏட்டுக் கேள்வியன்று. 2007-ஆம் ஆண்டு ஆகஸ்டு இறுதியில் பெங்களூரைச் சேர்ந்த மென்பொருள் பணியாளர் ஒருவர் புனே போலீசாரால் கைது செய்யப்பட்டார். சத்ரபதி சிவாஜியை இழிவுபடுத்தும் படம் ஒன்று ஆர்க்குட் தளத்தில் ஏற்றப்பட்டிருந்தது. அதன் ஐ.பி. முகவரி இவருடையது என்று சேவை நிறுவனத்தின் பதிவுகளிலிருந்து தெரிவிக்கப்பட்டது. அது தவறான தகவல் என்பது பின்னரே வெளிப்பட்டது. அதற்குள் அவர் ஏறக்குறைய 50 நாட்கள் சிறையில் இருந்துவிட்டார்.

திருமலை விடுதியில் குறித்த எண்ணுள்ள அறையில் தங்கியவர் யார் என்று வினவினால், எந்த நாள், எந்த வேளை என்றே வரவேற்பு அலுவலர் முதலில் கேட்பார். ஐ.பி. முகவரிக்கும் அதுவே பொருந்தும். எண்ணுடன் நாளும், மணியும், விநாடியும் வேண்டும். பகிர்வு எண்ணாயின் வாயில் எண்ணும் வேண்டும். இணையத் தளங்கள் பல, உலகப் பொது நேரத்தில் பதிவு செய்கின்றன. இந்திய நேரம் அதற்கு 5 மணி 30 நிமிடம் முந்தியது. இரவு 8 மணிக்குப் பொது நேரத்தில் பதிவான செயல் இங்கு மறுநாள் அதிகாலை 1.30 மணிக்கு நிகழ்ந்ததாகும். இடைப்பட்ட காலத்தில் எண் கைமாறியிருப்பின், தொடர்பில்லாத ஒரு குடும்பம் விசாரணைக்கு உள்ளாக நேரிடும். இத்தகைய தேவைகளைக் கருதியே, 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் 28-ஆம் நாள் செர்ட்-இன் என்னும் மத்திய அரசு நிறுவனம் வெளியிட்ட உத்தரவில், கணிப்பொறிக் கடிகாரங்கள் தேசியத் தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் நேரத்துடன் இணைக்கப்பட வேண்டும் என்றும், பதிவுகள் 180 நாட்கள் காக்கப்பட வேண்டும் என்றும் விதிக்கப்பட்டது.

இவை யாவும் சரியாக இருப்பினும், எண் காட்டுவது ஓர் இணைப்பையேயன்றி ஓர் ஆளை அன்று. பள்ளியின் இணைப்பிலிருந்து தகாத செய்தி ஒன்று சென்றிருக்குமாயின், அந்த வேளையில் கணிப்பொறியின் முன் அமர்ந்திருந்த மாணவன் யார் என்பதை வருகைப் பதிவேடு கூறலாம், ஐ.பி. முகவரி கூறாது. எண்ணை மட்டும் கொண்டு மாணவனைத் தண்டிக்க முற்படுதல் நீதியாகாது.

ஆறாம் பதிப்பு

பற்றாக்குறைக்கு நிலையான தீர்வாக 1998-ஆம் ஆண்டு டிசம்பரில் ஆறாம் பதிப்பு வரையறுக்கப்பட்டது. இதில் முகவரி 128 இருமை இலக்கங்கள் கொண்டது. அமையக்கூடிய எண்களின் தொகையை எழுத வேண்டுமாயின், 340 என்று எழுதி அதன்பின் 36 சுழியங்கள் இட வேண்டும். இம்முறையில் ரூட்டர் முகவரியின் முற்பாதியை மட்டும் அறிவிக்க, பிற்பாதியைக் கருவி தானே அமைத்துக்கொள்ளுதல் இயலும். நம் நாட்டில் தொலைத்தொடர்புத் துறை 2010-ஆம் ஆண்டு ஜூலையில் இதற்கான செயல் திட்டத்தை வெளியிட்டது. இன்று ஆறாம் பதிப்பை மிகுதியாக உபயோகிக்கும் நாடுகளுள் இந்தியாவும் ஒன்றாகும். எனினும் இங்கும் பிற்பாதி அடிக்கடி மாற்றப்படுவதால், எண்ணே நிலையான அடையாளம் என்று கொள்வதற்கில்லை. நான்காம் பதிப்பும் இன்னும் பல ஆண்டுகள் உடனிருந்தே வரும்.

பள்ளியிலும் அலுவலகத்திலும் கவனிக்கத் தக்கவை

1. கருவியின் முகவரி 169.254 என்று தொடங்குமாயின், எண் வழங்குவோரை அது காணவில்லை; தானே ஒரு தற்காலிக எண்ணைச் சூட்டிக்கொண்டுள்ளது என்பது பொருள். முதலில் கம்பியையும், பின் ரூட்டரையும் சோதிக்க வேண்டும். கணிப்பொறியைப் பழுதுபார்க்க அனுப்புதல் வீண் செலவாகும்.

2. அச்சுப்பொறி, வருகைப் பதிவுக் கருவி போன்றவற்றிற்கு நிலையான எண் தேவை. அவ்வெண் ரூட்டர் இரவல் தரும் தொகுதிக்கு வெளியே இருத்தல் வேண்டும். உதாரணமாக, 2 முதல் 50 வரை நிலையான எண்களுக்கும், 100 முதல் 250 வரை இரவலுக்கும் ஒதுக்கலாம். தவறினால் ஒரே எண் இரு கருவிகளுக்கு நேர்ந்து, இரண்டின் இணைப்பும் விட்டு விட்டு அறுபடும்.

3. ஒரே வலையமைப்பில் எண் வழங்குவது ஒன்றாகவே இருத்தல் வேண்டும். வைஃபை எட்டவில்லையென்று வேறொரு ரூட்டரை வாங்கி அப்படியே செருகிவிட்டால், வரவேற்பு அலுவலகங்கள் இரண்டாகிவிடும். சில கருவிகள் தவறான வாயிலின் எண்ணைப் பெற்று வெளியே செல்ல இயலாமல் நிற்கும். இரண்டாவது ரூட்டரில் எண் வழங்கும் வசதியை நிறுத்திவைத்தல் வேண்டும்.

4. நிலையான எண்களையும், அவற்றைப் பெற்ற கருவிகளையும், பொருத்திய நாளையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி ரூட்டரின் அருகில் வைத்தல் நன்று. ஊழியர் மாற்றலாகிச் சென்றபின் அடுத்து வருபவருக்கு அவ்வேடே வழிகாட்டியாகும்.

5. கணிப்பொறிகளின் கடிகாரம் சரியாக உள்ளதா என்று மாதம் ஒருமுறையேனும் பார்க்க வேண்டும். கணிப்பொறி அறையில் யார், எப்போது, எந்தக் கருவியில் அமர்ந்தார் என்னும் பதிவேடும் பேணப்பட வேண்டும்.

வகுப்பில் இப்பொருளை விளக்க விரும்பும் ஆசிரியர், 20 அட்டைகளில் 1 முதல் 20 வரை எண்களை எழுதி, மாணவர் 30 பேருக்குத் தவணை முறையில் கொடுத்து வாங்கச் செய்யலாம். கொடுத்த வேளையையும் திரும்பப் பெற்ற வேளையையும் ஒரு மாணவன் கரும்பலகையில் எழுதிவரட்டும். இறுதியில், “7-ஆம் எண் யாருடையது?” என்று ஆசிரியர் வினவினால், “எந்த வேளையில்?” என்று மாணவர்களே திருப்பிக் கேட்பார்கள். அவ்வினா அவர்கள் வாயில் எழுந்துவிட்டதாயின், பாடம் நன்கு பதிந்துவிட்டது எனலாம்.